சபாபதிக்குச் சொல்லாத வள்ளக் கணக்கு

தை மாதம் கடைசி வாரம். கோதுமைக் கதிர் பால் முற்றி மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். தபால்காரர் தோட்டத்துக்கே வந்து ஒரு கார்டைக் கொடுத்தார். மூலைகளில் கறுப்பு மை தடவியிருந்தது. வழக்கமாக வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, ஊர்ச் செய்தி நாலு பேசிவிட்டுப் போகிறவர். அன்று என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிவிட்டார்.

ராசிபுரத்திலிருந்து சபாபதியின் மைத்துனர் எழுதியிருந்தார். விவசாய இலாகாவில் டிமான்ஸ்ட்ரேட்டராக இருந்த சபாபதி அவர்கள், கொல்லிமலை அடிவாரத்தில் வேலை பார்க்கும் இடத்தில் குளிர்காய்ச்சல் கண்டு, ஊருக்கு வண்டியில் கொண்டுவந்தும் பிழைக்காமல், செவ்வாய்க்கிழமை விடியற்காலை காலமாகிவிட்டார். வயது நாற்பத்திரண்டு. எனக்கும் அதே வயதுதான்.

இழவுக் கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. நான் கிழிக்கவில்லை. மடியில் சொருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே நின்ற கால் ஏக்கர் சம்பா கோதுமை, அவர் கொடுத்த விதையில் வந்தது.

நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து என் தொழில் இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அவரை அறியாதவர்கள் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறிந்தவர்களில் சிலர் அவரை இன்னும் 'ஊரைக் கெடுத்த கோதுமைக்காரர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேர் அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவர் எங்கள் பக்கம் முதலில் வந்தது யுத்தம் தொடங்கின வருஷம். நாமக்கல்லில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்வருவார். பின்னால் சாக்கில் சுற்றிய வில்தராசு ஒன்று, ஹாண்டில்பாரில் தகர டப்பாக்கள் கோத்த பை ஒன்று. வரும்போதே கலகலவென்று சத்தம் கேட்கும். அரிசி, சோளம் எல்லாவற்றுக்கும் இலாகாவில் ஆள் இருந்தார்கள். இவரிடம் கொடுத்திருந்தது கோதுமை. வடக்கேயிருந்து வந்த புதுக் கோதுமை எங்கள் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் எப்படி வருகிறது, எவ்வளவு விளைகிறது, மணியின் தரம் என்ன என்று பார்த்து எழுத வேண்டியது அவர் வேலை.

அவர் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அது தெரிந்ததும் எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? முதல் நாளே வரப்பில் கால் சறுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டார். நான்தான் கேட்டேன்: "தறிக்குழியில உக்காந்த காலுங்களே, வரப்புல நடக்க வருமாங்க?"

"வராதுங்க கவுண்டரே. உளுந்தாத் தூக்கி உடத்தான் நீங்க இருக்கறீங்களே" என்று கையை நீட்டினார். நான் பிடித்துத் தூக்கினேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

கேலி செய்தவர்கள் சீக்கிரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். இழை எண்ணிப் பழகிய குடும்பத்துக் கை அவருடையது. ஒரு கறுப்புத் துணியை விரித்து, கோதுமையைக் கொட்டி, ஐந்தைந்தாக ஒதுக்கி ஆயிரம் மணி எண்ணுவார். பேசிக்கொண்டே எண்ணுவார், தப்பாது. ஒருமுறை சந்தேகப்பட்டு நான் திரும்ப எண்ணினேன். எனக்கு மூன்று தடவை மூன்று கணக்கு வந்தது. ஆயிரம் மணியைச் சின்னத் தராசில் நிறுத்தால், பார்வைக்குக் கொழுத்த மணி உள்ளே பொக்கா, ஒல்லியான மணி உள்ளே கெட்டியா என்று தெரிந்துவிடும் என்பார்.

அதன்பிறகு கடித்துப் பார்ப்பார். 'படக்'கென்று உடைந்தால் ஒரு குறி, மாவாக நசுங்கினால் ஒரு குறி. அதோடு விடமாட்டார். ஒரு வாய் கோதுமையைப் போட்டு மென்றுகொண்டே இருப்பார். "மென்னுக்கிட்டே இருந்தா மாவெல்லாம் கரைஞ்சு போயி, கடைசில பசை நிக்குமுங்க. அந்தப் பசை எம்புட்டு நீளுதோ அம்புட்டுப் பலம்" என்று வாயிலிருந்து எடுத்து இரண்டு விரலால் இழுத்துக் காட்டுவார். பார்க்கச் சகிக்காது. "மாடுகூட அசை போடறதை நடுவுல நிறுத்துமுங்க" என்று நான் சொன்னால், தலையை ஆட்டிக்கொண்டு மெல்லுவார்.

கோதுமை என்றால் எங்கள் பக்கத்தில் அதுவரை சம்பா கோதுமைதான். நீளமாக, செம்பு நிறத்தில் இருக்கும். உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்தி எடுப்பதற்குள் பெண்களுக்குத் தோள் இற்றுப்போகும். புதுக் கோதுமை அப்படியில்லை. அடித்த அடியில் உமி கழன்று, வெள்ளையாக உருண்டு விழும். எங்கள் வீட்டில்கூட, "அந்தக் கோதுமையையே முச்சூடும் போட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

மணியின் தரத்தை அவர் கண்டுபிடிக்கும் முறைகளில் கடைசி முறை சமையல். ஒரு நாள் என்னை நாமக்கல் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி தனபாக்கியம் அம்மாள் இரண்டு தட்டுகளில் கோதுமை ரவை உப்புமா கொண்டுவந்து வைத்தார்கள். எது எந்தக் கோதுமை என்று சொல்லவில்லை. ஒன்று களிபோல் குழைந்திருந்தது. மற்றது பொலபொலவென்று, வாசனையாக, மெல்ல மெல்ல இனிப்பு தட்டியது. நான் இரண்டாவதைக் காட்டினேன். சபாபதி உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அது பழைய சம்பா.

"உங்களுக்கு ஒரு நேரம்ங்க. எங்களுக்கு மூணு வாரமா இதேதான். சோத்தைக் கண்ணால பாத்தே நாளாச்சு" என்றார்கள் அந்த அம்மாள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. சம்பளத்தில் பாதி கோதுமைக்கும் விறகுக்கும் போனாலும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவிருக்கவில்லை.

தரத்தை அவர் தன் பல்லாலும் நாக்காலும் பார்த்துக்கொண்டார். விளைச்சல் விஷயத்தில்தான் எங்களை நம்ப வேண்டியதாயிற்று.

இலாகா கொடுத்தது மூட்டை நிறுக்க ஒரே ஒரு வில்தராசு. எங்கள் பக்கத்தில் கோதுமை முழுவதும் மாசி மாதத்தில் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். பதினாலு ஊரில் பதினாலு களம். புதுக் கோதுமை போட்ட கால் ஏக்கர் பாத்திகளை அவர் நேரில் நின்று நிறுத்து, அதை வள்ளக் கணக்காக்கி எழுதிக்கொள்வார். பக்கத்திலேயே பழைய சம்பா போட்ட கால் ஏக்கருக்கு, உமி நீங்கிய கணக்கில் எத்தனை வள்ளம் கண்டது என்று எங்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். வள்ளம் என்பது எங்கள் பக்கத்து மரக்கால். நாலு படி கொண்டது.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். களத்தில் அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லமாட்டோம், 'லாபம்' என்போம். அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். அதையும் உதட்டுக்குள் சொல்வோம். அளந்து முடித்தபின் யார் கேட்டாலும் உள்ள கணக்கு வெளியே வராது. "ஏதோ கண்டுச்சுங்க" என்போம். விடாமல் கேட்டால் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்வோம். கிஸ்திக்காரரிடம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாமன் மச்சானிடமும் அப்படித்தான். கட்டின பெண்டாட்டியிடம்கூட ஒரு வள்ளம் குறைத்துச் சொன்ன ஆட்கள் உண்டு. உள்ளதை வாய்விட்டுச் சொன்னால் கண்ணேறு பட்டு அடுத்த வருஷம் அது இல்லாமல் போய்விடும் என்ற பயம். பொய் சொல்கிறோம் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை.

புதுக் கோதுமைக்கு அந்தப் பயம் இல்லை. அது சர்க்கார் விதை. அதன் கணக்கைச் சர்க்காரே நிறுத்துக்கொண்டது. ஆக, அவருடைய நோட்டில் ஒரு பக்கம் தராசு சொன்ன கணக்கு, எதிர்ப்பக்கம் நாங்கள் சொன்ன கணக்கு.

மூன்றாவது வருஷ அறுப்பு முடிந்த மறுநாள், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சபாபதி வந்தார். நோட்டு கையில் இருந்தது.

"எல்லாரும் சொன்னதை எழுதிட்டேனுங்க. ஆனா மனசுல என்னமோ உறுத்துது. பயிரு நின்ன நிலையைப் பாத்தா இன்னும் கூட இருக்கணும்னு தோணுது. நீங்க என் சிநேகிதரு. உங்களைக் கேட்டா எனக்குத் தெளிஞ்சுரும். சம்பா கால் ஏக்கருக்கு உங்களுக்கு என்ன கண்டுச்சுங்க?"

"பத்து வள்ளமுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. கேட்ட மாத்திரத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் தெளிந்தது. "எல்லாரும் ஒம்போது, பத்துன்னுதான் சொல்றாங்க. நீங்களே சொல்லிட்டீங்க, இனிமேல் சந்தேகம் என்ன இருக்குது?" என்று எழுதிக்கொண்டார். மற்றவர்கள் சொன்ன பொய்யையெல்லாம் என் ஒரு வார்த்தை மெய்யாக்கிவிட்டது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அவர் போனபின் மோர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கோடையில்தான் பர்மா அரிசி வருவது அடியோடு நின்றது. சந்தையில் சோளம் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. எந்தத் தானியமானாலும் விளைச்சலைப் பெருக்கு என்று மேலேயிருந்து உத்தரவு மேல் உத்தரவு. எங்கள் பக்கத்துக்கு எந்தக் கோதுமை என்று சபாபதி ஒரு வாரத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் இரண்டு இரவு தூங்கவில்லை என்று தனபாக்கியம் அம்மாள் பிற்பாடு சொன்னார்கள். என்னிடம் வந்து உரக்க யோசித்தார்.

"தரத்துல பழைய சம்பாதானுங்க. பசை, ரவை, ருசி எதுலயும் புதுசு கிட்ட நிக்காது. ஆனா சம்பா பத்து எங்கே, புதுசு பதினாலு எங்கே? பசிக்கற வருசத்துல நாலு வள்ளம்ங்கறது நாலு உசுருங்க. நான் நாக்கைப் பாக்கறதா, வயித்தைப் பாக்கறதா? நீங்க என்ன சொல்றீங்க கவுண்டரே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்றேன்.

புதுக் கோதுமை சிபாரிசாயிற்று. ஐப்பசியில் விதை வண்டி வண்டியாக வந்து இறங்கியது. விதைதான் வருகிறதே என்று ஆடி ஆவணிப் பஞ்சத்தில் வீட்டிலிருந்த பழைய சம்பாவை விதைக்குக்கூட வைக்காமல் குத்தித் தின்றுவிட்டோம்.

அந்த மார்கழியில் வெயிலைப் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். காலை பத்து நாழிகை வரை பனி கவிந்து நின்றது. தை பிறந்தபோது கோதுமை இலைகளில் செம்பொடி. துரு நோய். பயிருக்குள் நடந்தால் முழங்கால் வரை வேட்டி சிவந்துபோகும். சபாபதி ஊர் ஊராகச் சிவந்த வேட்டியோடு அலைந்தார். அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பழைய சம்பாவை அந்த நோய் அவ்வளவாகத் தொடாது. ஆனால் எங்கள் தோட்டங்களில் அது ஒரு பாத்திகூட இல்லை.

மாசியில் அறுத்தோம். மணியெல்லாம் சீரகம்போல் சூம்பிக் கிடந்தது. காற்றில் தூற்றினால் பாதி பறந்தது. இரண்டு வள்ளம் கண்டவன் அதிர்ஷ்டசாலி.

எங்களுக்கு அடுத்த தோட்டம் பாவாயி அம்மாளுடையது. புருஷன் இறந்தபின் தனியாகப் பண்ணையம் பார்க்கிறவர்கள், வாய்க்கு அஞ்சாதவர்கள். தராசோடு அவர்கள் களத்துக்கு சபாபதி போனபோது நானும் கூட இருந்தேன். அந்த அம்மாள் ஒரு கை சூம்பின கோதுமையை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்கள்.

"இதை ஊட்டுக்குக் கொண்டுபோயி ஆக்கித் தின்னு பாருங்க சாமி. நல்லாருக்குதான்னு வந்து சொல்லுங்க. போன வருசம் இதே காட்டுல என்ற சம்பா பதினஞ்சு வள்ளம் கண்டுச்சு. நீங்க பேசுன பேச்சுல அதை உட்டுட்டு இதைப் போட்டேன்."

சபாபதி நிமிர்ந்தார். "பதினஞ்சுங்களா? எங்கிட்ட ஒம்போதுன்னு சொன்னீங்களே அம்மா?"

"களத்துல நின்னுக்கிட்டு உள்ளதை ஆராச்சும் சொல்லுவாங்களா சாமி? நீங்களுந்தான் படிச்சவரு, இது தெரியாதா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் களத்தைப் பார்த்தேன். அந்தக் கைப்பிடிக் கோதுமையை மேல்துண்டில் முடிந்துகொண்டு போனார். அதை நிஜமாகவே ஆக்கித் தின்றார்கள். அது மட்டுமில்லை, அந்த மாசம் முழுவதும் எங்கள் களத்துச் சூம்பல் கோதுமையைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகத் தனபாக்கியம் அம்மாள் சொன்னார்கள்.

மறுநாள் என் கிணற்றடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நம்ம பக்கத்து வழக்கமுங்க அது. பொய்யின்னு நெனச்சுச் சொல்றதில்லீங்க" என்றேன்.

"தெரியுதுங்க. எங்க ஊட்ல அந்தப் பயம் இல்லை. நெய்ஞ்ச சேலை எத்தனை மொழம்னு பாக்கறவங்க கண்ணுக்கே தெரிஞ்சுபோகும். அதனால எனக்கு விளங்கலை" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். என் வாயிலிருந்து ஒரு எண்ணுக்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கவலை மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சைக்கிள் டப்பாக்களின் சத்தம் தூரத்தில் போயிற்று.

பத்து நாள் கழித்து சந்தையில் அவரைப் பார்த்தபோது, மேலே என்ன எழுதினார் என்று கேட்டேன்.

"என் கணக்குல தப்புன்னு எழுதிட்டேனுங்க."

"நாங்க சொன்னதுதானே தப்பு? அதை எழுதறதுதானே நாயம்?"

"எழுதினா என்ன ஆகும்? எல்லாக் களத்துலயும் அஞ்சாறு வள்ளம் மறைக்கறாங்கன்னு தெரிஞ்சா, சர்க்கார் கொள்முதல்காரங்க வண்டி கட்டிக்கிட்டு வந்துருவாங்க. இந்த வருசம் உங்க களத்துல இருக்கறது தூசிதானுங்களே. தூசில எதை அளந்து கொடுப்பீங்க?"

மேலதிகாரி ஒருவர் வந்தார், விசாரித்தார். கவனக்குறைவு என்று முடிவாயிற்று. சபாபதிக்கு வர இருந்த உயர்வு நின்றது. கொல்லிமலை அடிவாரத்தில் விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கத்துக் காய்ச்சலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர் புறப்பட்ட அன்று எங்கள் ஊரிலிருந்து வழியனுப்பப் போனவன் நான் ஒருவன்தான். 'கோதுமைக்காரர் தொலைந்தார்' என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். என் காதுபடப் பேசினார்கள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருப்பேனா? இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். என்னைப்போல் ஒரு சிநேகிதன் இருந்தால் எதிரி வேறு எதற்கு?

புறப்படும்போது தகர டப்பாக்களை என்னிடம் கொடுத்தார். "மூணு வருசமா எண்ணி வெச்ச சம்பா மாதிரிங்க. இலாகாவுக்கு வேண்டியதை எடுத்து வெச்சுட்டேன். மிச்சம் ரெண்டு படி தேறும். இந்தப் பக்கத்துல இப்ப இருக்கற சம்பா விதை இம்புட்டுத்தான். சாக உட்டுராதீங்க."

விதைத்தேன். பழைய மணி; பாதி முளைக்கவில்லை. முளைத்ததைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். மாதம் ஒரு கடிதம் அவரிடமிருந்து வரும். 'பனி அதிகமா? இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் சிவப்பு ஒட்டுகிறதா?' என்று கேட்பார். 'கதிருக்கு எத்தனை மணி?' என்று கேட்பார். அந்தப் பழைய வள்ளக் கணக்கை மட்டும் கேட்டதே இல்லை. இரண்டு படி மூன்றாவது குளிர்காலத்தில் கால் ஏக்கராக நின்றது. வந்து பார்க்கும்படி எழுதியிருந்தேன். மாசியில் வருகிறேன் என்று பதில் போட்டிருந்தார். அதற்குள் கறுப்பு மூலைக் கார்டு வந்துவிட்டது.

ராசிபுரம் போனேன். அந்தத் தெருவில் தறிச்சத்தம் இல்லை; அவருக்காக நிறுத்தியிருந்தார்கள். தனபாக்கியம் அம்மாள் என்னைக் கண்டதும் அழவில்லை. உள்ளே போய் அவருடைய நோட்டைக் கொண்டுவந்தார்கள்.

"இதை எரிச்சுரச் சொல்லிட்டுப் போனாருங்க. ஊருக்காரங்க பேரெல்லாம் இதுல இருக்குது, ஆரு கையிலயும் சிக்கக் கூடாதுன்னாரு. எரிக்கறதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வெச்சிருந்தேன்."

பிரித்துக் காட்டினார்கள். ஒன்பது, பத்து என்று நாங்கள் சொன்ன கணக்கெல்லாம் அடித்து, பக்கத்தில் பதினைந்து, பதினான்கரை, பதினாறு என்று அவர் கையெழுத்து. மாற்றலாகிப் போகுமுன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, உள்ள கணக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறார். பதினாலு தோட்டத்தில் பதிமூன்றுக்குக் கணக்கு இருந்தது. ஒரு வரியில் பெயர் எழுதவில்லை. பத்து என்பதை அடித்திருந்தார். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

"இது ஆருதுன்னு கேட்டேனுங்க. அவரு சிநேகிதரு, கேட்டு வாங்கக் கூடாது, அவராத்தான் ஒரு நாள் வந்து சொல்லுவாருன்னாரு. காய்ச்சல்லகூட அதைத்தான் பேசினாரு. ஆருதுங்க அது? உங்களுக்குத் தெரியுங்களா?"

நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "தெரியலீங்களே" என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு நோட்டைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார்கள். காலிக் கட்டத்தோடு அது எரிந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் அழக்கூட முடியவில்லை.

போன வாரம் அவருடைய சம்பாவை அறுத்து, குத்தி எடுத்தேன். களத்தில் பாவாயி அம்மாள் உட்பட பத்துப் பேர் இருந்தார்கள். வள்ளத்தை எடுத்தேன். 'லாபம்' என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெண்டு, மூணு என்று ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி அளந்தேன். பதினாலு கண்டது. "இதென்ன கூத்து, வாயைக் கட்டுங்க சாமி, கண்ணு பட்டுரும்" என்று பாவாயி அம்மாள் பதறினார்கள். எதற்காக என்றும், இதைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். "என்ற பதினஞ்சையும் எழுதிக்குங்க. இனி என்னத்தப் புடுங்கப் போறாங்க?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் சம்மதத்தின் பேரில்தான் அதை இங்கே எழுதியிருக்கிறேன். மற்றப் பன்னிரண்டு பேருடைய கணக்கு, அவர் விரும்பியபடி அடுப்போடு போயிற்று. இந்த விதை வேண்டுகிறவர்கள் என் தோட்டத்துக்கு வரலாம். வாங்கிப் போகும்போது சபாபதி கோதுமை என்று சொல்லி வாங்கிப் போக வேண்டும். ராசிபுரத்துக்கும் ஒரு வள்ளம் எடுத்துப் போகிறேன். அந்த அம்மாளிடம் இந்தத் தாளைப் படித்துக் காட்டுவேன்.

சபாபதி, கிணற்றடி வேப்பமரத்தில் இப்போது பூ வைத்திருக்கிறது. நீங்கள் நோட்டோடு நின்ற இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கேட்காமல் காத்திருந்தீர்கள். நான் வந்து சொல்வதற்குள் போய்விட்டீர்கள்.

மூன்றாவது வருஷம், சம்பா, கால் ஏக்கர். பதினாறு வள்ளமுங்க. எழுதிக்குங்க.